ரவுட்டரை ரீசெட் பண்ணதும் நெட் போச்சா? பிபிபிஓஇ செட்டிங்கை நீங்களே சரிசெய்வது எப்படி?

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். திருமங்கலத்தில் ஒரு வீட்டில் நெட் மெதுவாக இருக்கிறது என்று யாரோ ரவுட்டர் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அமுக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விளக்கெல்லாம் பச்சையாக எரியும். வைஃபை பெயரும் காட்டும். ஆனால் நெட் மட்டும் வராது!

காரணம், அந்த ஓட்டையில் இருப்பது ரீஸ்டார்ட் பட்டன் இல்லை, ரீசெட். அதை அழுத்தினால் உள்ளே பதிந்திருந்த பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாமே அழிந்துவிடும்.

அது என்ன பிபிபிஓஇ?

இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதற்கான விதிமுறைதான் பிபிபி (பாயின்ட் டு பாயின்ட் புரோட்டோகால்). இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, கீச்சுனு கத்துமே ஒரு டயல்-அப் மோடம், அந்தக் காலத்து ஆள் இது. 1999-ல் இதையே ஈதர்நெட் கேபிளில் ஓடும்படி மாற்றினார்கள். அதுதான் பிபிபிஓஇ. வாடிக்கையாளர் யார் என்று யூசர்நேம், பாஸ்வேர்டை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கம்பெனி சர்வர் ஐபி முகவரி தரும். பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்புகளிலும் இந்த முறைதான்.

முதலில் இதைப் பாருங்க

ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் (ஓஎன்டி) 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் எந்த செட்டிங்கையும் தொடாதீங்க. ஃபைபரில்தான் கோளாறு, லைன்மேன் வந்தே ஆகணும்.

சிவப்பு இல்லையா? பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று போடுங்க. சரியான முகவரியும் லாகின் விவரமும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே 'வேன்' என்ற பகுதிக்குப் போகணும் (வண்டி இல்லீங்க, வெளியுலக இணைப்பு!). கனெக்‌ஷன் டைப்பில் பிபிபிஓஇ-யைத் தேர்வு செய்து, இணைப்பு தந்தவர்கள் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டைப் போடுங்க. இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். விலான் எண் கேட்டால் ஊகித்துப் போடாதீங்க. அது இடத்துக்கு இடம் மாறும், இணைப்பு தந்தவரிடமே கேளுங்க.

எம்டியு 1492 என்று இருக்கணும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் அளவு 1500 பைட். அதில் 8 பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்ளும். இது தப்பாக இருந்தால் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், சில வெப்சைட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்.

தனி ரவுட்டர் வைத்திருந்தால்?

ஓஎன்டி, ரவுட்டர் இரண்டில் ஒன்றுதான் லாகின் செய்யணும். ஓஎன்டி செய்தால் ரவுட்டரில் பிபிபிஓஇ வேண்டாம், 'டைனமிக் ஐபி' போதும். ரவுட்டரே செய்யணும் என்றால் ஓஎன்டியை 'பிரிட்ஜ்' மோடுக்கு மாற்றணும்.

சேவ் செய்ததும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 0.0.0.0 என்றே நின்றால் இன்னும் கனெக்ட் ஆகவில்லை. 'ஆதென்டிகேஷன் ஃபெயில்' என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு தப்பு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் நேரடியாக டயல் செய்தவர்களுக்கு 'எரர் 691' ஞாபகம் இருக்கும், அதேதான். பில் பாக்கி இருக்கான்னும் ஒருமுறை பார்த்துடுங்க.

கடையில் சிசிடிவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கிடைத்த ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஆரம்பித்தால், அது பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான முகவரி. போர்ட் ஃபார்வர்டிங் செய்து வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாது. அதற்கு ஸ்டாட்டிக் ஐபி தனியாகக் கேட்டு வாங்கணும்.