திருக்களம்பூர்க் காடும் ஒரு யானையும்

புதுக்கோட்டைச் சீமையில் வளரும் பிள்ளைக்கு 1799ஆம் ஆண்டுப் போரைச் சொல்லிக்கொடுப்பது எளிதன்று. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது நம்மூர் ராஜாவா என்று கேட்டுவிடும். 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தைப் பார்த்த பிள்ளையாயின் கேள்வியாக வராது, தீர்ப்பாகவே வரும்.

வரலாற்றுப் பாடத்துக்கு இரண்டு வரி போதும். செப்டம்பர் 5இல் மேஜர் பானர்மனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. வடக்கே தப்பிய கட்டபொம்மன் திருக்களம்பூர்க் காட்டில் விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்களிடம் அகப்பட்டார்; அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இடையில் எத்தனை நாள் என்று கணக்கு நோட்டில் போடச் சொன்னால் 41 என்று வரும். அந்த எண்ணுக்குப் பின் பிள்ளை சற்று மௌனமாகிவிடுகிறது.

அப்போதுதான் நாம் நிலப்படத்தை விரிக்க வேண்டும். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே தொண்டைமான் சீமை. 1753-54இல் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் திருச்சியை நெருக்கியபோது, அங்கிருந்த ஆங்கிலேயருக்குத் தானியமும் மாடும் இந்தக் காட்டுவழிகளில்தான் போயின. அதற்குப் பழிவாங்க 1754இல் பிரெஞ்சுப் படை சீமைக்குள் புகுந்து சூறையாடியது. ஆக, 1799இன் முடிவு ஒருநாளில் பிறந்ததன்று. அரை நூற்றாண்டு உறவின் விளைவு. இதைச் சொல்வது தொண்டைமானுக்கு வக்காலத்து வாங்குவதாகாது. காட்டில் ஒளிந்திருந்தவரைப் பிடித்து ஒப்படைத்த செயல் நமக்கு இன்றும் உறுத்தவே செய்கிறது. ஆனால் பூகோளம் தெரியாத பிள்ளையிடம் 'துரோகி' என்ற சொல்லை மட்டும் கொடுத்தனுப்புவதும் உறுத்துகிறது.

அச்சொல்லைத் தமிழாசிரியரிடம் விட்டுவிடலாம். எட்டப்பன் என்னும் பெயர் எங்ஙனம் ஊர்ப்பொது வசையாயிற்று என்பது இலக்கண வகுப்புக்கு உகந்த கேள்வியே. (தொண்டைமான் பெயர் ஏன் அப்படி ஆகவில்லை என்பது இன்னும் நல்ல கேள்வி.)

பொருளியல் கடைசியில் வரும். இங்கே புழங்கிய அம்மன் காசு அணாவுக்கு இருபது, ரூபாய்க்கு 320. அந்தக் கணக்கில் எந்தக் கூலியும் எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைக்கப்பட்டது 1803ஆம் ஆண்டின் கீழாநிலைக் கொடை. பழைய உரிமைக் கோரிக்கையை ஏற்றும், பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்காகவும் கும்பினியார் அக்கோட்டையையும் சுற்றுப் பகுதியையும் தொண்டைமானுக்கு அளித்தனர். ஆண்டுக்கொரு யானை திறையாகத் தர வேண்டும் என்பது நிபந்தனை.

யானை போயிற்றா என்றுதான் பிள்ளை கேட்கும். போகவில்லை. கும்பினியார் வற்புறுத்தவில்லை, 1836இல் அந்த நிபந்தனையையும் தள்ளுபடி செய்துவிட்டனர்.