ஐதராபாத்தும் தேசிய மேல்நிலை ஆங்கிலக் கலைத்திட்டமும்

விடுதலைக்குப் பிந்தைய ஆங்கிலக் கல்வி பற்றிய விவாதங்களைத் தமிழுலகம் பெரும்பாலும் இந்தி எதிர்ப்பு, பயிற்றுமொழி ஆகிய இரு நோக்குகளிலேயே கண்டுவந்துள்ளது. எத்தனை மொழி வேண்டும், எந்த வகுப்பில் தொடங்க வேண்டும் என்பன பற்றி எழுதப்பட்டவை மிகுதி. ஆங்கிலப் பாடத்தினுள் வைக்கப்பட்டது யாது, எக்கொள்கையின்படி வைக்கப்பட்டது என்பன பற்றி எழுதப்பட்டவை குறைவு. பன்னிரண்டாம் வகுப்பிற்கான தேசிய ஆங்கிலப் பாடநூல்களில் கல்கி, அசோகமித்திரன், பாமா ஆகிய மூவரின் எழுத்துகள் இடம்பெற்றுள்ளன. இவை அங்கு வந்து சேர்ந்த வழியை ஆராயுமிடத்து அது ஐதராபாத் நகருக்கு இட்டுச்செல்கிறது.

ஐதராபாத்தில் நடுவண் ஆங்கில நிறுவனம் 1958இல் தொடங்கப்பெற்றது. அது அமைந்த இடம் கருதத்தக்கது. 1918இல் தோன்றிய உசுமானியப் பல்கலைக்கழகம், மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட உயர்கல்வியை இந்திய மொழியொன்றில், அதாவது உருதுவில், கற்பிக்க முடியும் என மெய்ப்பித்தது. அதன் பொருட்டு மொழிபெயர்ப்புத் துறையொன்றும் இயங்கியது. 1948இல் ஐதராபாத் அரசு இந்தியாவுடன் இணைக்கப்பட்ட பின்னர் அங்கு உருதுப் பயிற்றுமொழி கைவிடப்பட்டு ஆங்கிலம் அமர்ந்தது. தாய்மொழிவழி உயர்கல்விக்குச் சான்றாக விளங்கிய அதே வளாகத்தை ஒட்டியே நாட்டின் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனம் எழுந்தது.

தொடக்கக்கால இயக்குநர்களுள் ஒருவரான வி. கி. கோகாக் கன்னடக் கவிஞர். பின்னாளில் ஞானபீட விருது பெற்றவர். ஆங்கிலம் கற்பித்தல் பற்றி நடுவண் அரசு அமைத்த ஆய்வுக்குழுவிற்கும் அவரே தலைமை தாங்கினார். அக்குழுவின் அறிக்கை 1967இல் வெளிவந்தது. இதே கோகாக்கின் தலைமையில்தான் 1980இல் கருநாடக அரசு மொழிக்குழு ஒன்றை அமைத்தது. பள்ளிகளில் கன்னடமே முதன்மொழியாதல் வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை நிறைவேற்றக் கோரி எழுந்த கிளர்ச்சி அவர் பெயராலேயே அறியப்படுகிறது. ஆங்கிலக் கல்வியை வடிவமைத்தவர் தாய்மொழிக்கு எதிர்நிலையினர் என்னும் பொதுக்கருத்து இவரிடத்துப் பொருந்தவில்லை.

அக்காலத்தில் ஆங்கிலத்திற்குக் குறிக்கப்பட்ட பணி வரையறைக்குட்பட்டது. கோத்தாரி குழு (1964-66) அதனை உயர்கல்விக்கான நூலக மொழியாகவே கண்டது. பள்ளியில் தொடரமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்திற்கு நிரல்படுத்திப் பயிற்றும் முறை பரவியது. சென்னை மாநிலம் இதில் முன்னோடி. அம்முறையின் போதாமையை உணர்ந்து மாற்று தேடிய என். எஸ். பிரபுவும் சென்னையில் பிரித்தானியக் கவுன்சிலில் பணியாற்றியவரே. தென்னகப் பள்ளிகளில் அவர் 1979 முதல் 1984 வரை நடத்திய ஆய்வு பெங்களூர்த் திட்டம் என உலகெங்கும் அறியப்பட்டது. இலக்கணத்தை நிரல்படுத்தாது, மாணவர் கருத்தூன்றிச் செய்யும் பணிகளின்வழி மொழி தானே அமையும் என்பது அவர்தம் கொள்கை.

ஐதராபாத் நிறுவனம் 1972இல் அயல்மொழிகளையும் இணைத்துப் பெயர் மாற்றம் பெற்று, 1973இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1990களில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் புதிய ஆங்கிலப் பாடத்தைக் கொணர்ந்தபோது, அது வகுப்பறையில் எவ்வாறு செயற்படுகிறது என மதிப்பிடும் பொறுப்பு இந்நிறுவனத்தின் மதிப்பீட்டுத் துறைக்கு வந்தது. அவ்வாய்வில் பள்ளி ஆசிரியர்களே ஆய்வாளர்களாகப் பங்கேற்றனர். பாடநூலை மாற்றிவிட்டால் கற்பித்தல் மாறிவிடும் என்று நம்பியிருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்க படிநிலை எனலாம்.

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005 உருவானபோது அமைக்கப்பட்ட 21 குழுக்களுள் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய குழுவிற்கு ஐதராபாத் நிறுவனத்தின் பேராசிரியர் ரா. அமிர்தவல்லி தலைவராயினார். அக்குழுவின் நிலைப்பாட்டுரை ஆங்கிலத்திற்கு இரு குறிக்கோள்களை வகுக்கிறது. அடிப்படை மொழித்திறன் ஒன்று. நுண்பொருட் சிந்தனைக்கும் அறிவு பெறுதற்கும் மொழியைக் கருவியாக்குதல் மற்றொன்று. மேல்நிலைக் கல்வி இரண்டாவதைச் சார்ந்தது என்பது வெளிப்படை. இவற்றினும் முதன்மையானது பிறமொழிகள் பற்றி அவ்வுரை கூறுவது. ஆங்கிலம் தனித்து நிற்பதன்று. வட்டார மொழிவழிப் பள்ளியில் மாணவரின் பிறமொழிகள் ஆங்கிலத்தை வலுப்படுத்த வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் இந்திய மொழிகள் மதிப்புப் பெற்று ஆங்கிலத்தின் மேலாண்மை குறைய வேண்டும் என்பன அதன் கருத்துகள். நூலக மொழி என்னும் பழைய வரையறையினின்று இது வெகுதொலைவு வந்துவிட்டது.

இக்கொள்கையின் வழியில் 2006இல் பதினொன்றாம் வகுப்பு நூல்களும் 2007இல் பன்னிரண்டாம் வகுப்பு நூல்களும் வெளிவந்தன. இவற்றின் தலைமை ஆலோசகரும் அமிர்தவல்லியே. அனைவருக்கும் பொதுவான பாடநூல், துணைப்பாடநூல், ஆங்கிலத்தை விருப்பப் பாடமாகக் கொள்வோர்க்குத் தனிநூல் என மூவகையாக அவை அமைந்தன.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுநூலாகிய 'பிளமிங்கோ'வின் முதற்பாடம் பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்சு தோதேயின் 'கடைசிப் பாடம்'. பிரசியர் கைப்பற்றிய அல்சேசு பகுதியில் பிரெஞ்சு கற்பிப்பதற்குத் தடை வருகிறது; ஆசிரியர் இறுதி வகுப்பை நடத்துகிறார். தாய்மொழி இழப்பைச் சொல்லும் கதையை ஆங்கிலப் பாடநூலின் வாயிலில் நிறுத்தியது துணிவான தேர்வு. பயிற்சி வினாவொன்று மும்பைத் தமிழர் போன்ற மொழிச்சிறுபான்மையினர் தம் மொழியை எவ்வாறு காப்பது எனச் சிந்திக்கத் தூண்டுகிறது. எனினும் அல்சேசு மக்களுட் பெரும்பாலோரின் இல்லமொழி பிரெஞ்சு அன்று, செருமானியக் கிளைமொழியே என்னும் வரலாற்று உண்மையைக் கதை மறைக்கிறது. ஆட்சிமொழியைத் தாய்மொழியாகக் காட்டும் இப்புனைவை வகுப்பறையில் சுட்டிக்காட்டினால் பாடம் மேலும் பயன் தரும்.

இதே நூலில் செமினி படப்பிடிப்பகம் பற்றிய அசோகமித்திரனின் கட்டுரை இடம்பெறுகிறது. இது அவர் ஆங்கிலத்திலேயே எழுதியது. ஒப்பனைப் பூச்சினைக் குறிக்கும் 'பான்கேக்' என்னும் சொல்லைத் தலைப்பிற் கொண்ட அக்கட்டுரை, கொத்தமங்கலம் சுப்புவையும் ஆங்கிலக் கவிஞர் சுடீபன் சுபெண்டரையும் ஒரே கூரையின்கீழ்க் காட்டுகிறது. துணைப்பாடநூலில் கல்கியின் புலிவேட்டை மன்னர் வருகிறார். நூறாவது புலியால் சாவு என்னும் சோதிடம் மரப்பொம்மைப் புலியால் நிறைவேறும் அங்கதம், தமிழறியா மாணவரையும் சிரிக்கச் செய்வது. பாமாவின் 'கருக்கு' (1992) நூற்பகுதியோ வேறுதன்மையது. தின்பண்டப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிச்செல்லும் முதியவரைக் கண்டு சிறுமி முதலிற் சிரிக்கிறாள். காரணம் அறிந்தபின் சினக்கிறாள். அமெரிக்கப் பழங்குடிப் பெண் சிட்கலா சாவின் நினைவுக்குறிப்புடன் இதனை இணைத்து வைத்த தொகுப்பு முறை பாராட்டிற்குரியது.

ஆயினும் இழப்பும் உண்டு. 'கருக்கு' தமிழ் உரைநடையில் ஏற்படுத்திய அதிர்ச்சிக்குப் பொருளோடு அதன் பேச்சுநடையும் காரணம். பொதுநிலை ஆங்கிலத்தில் அந்நடை கரைந்துபோகிறது. சாதி நிகழ்ச்சி மட்டும் எஞ்சுகிறது. பொதுத்தேர்வோ கதைப்பொருளை வினவும் அளவில் நின்றுவிடுகிறது. பிறமொழிகளுக்கு மதிப்பு என்னும் நிலைப்பாட்டுரையின் கோட்பாடு பாடத்தேர்வில் நிறைவேறியது, மதிப்பீட்டில் நிறைவேறவில்லை. சென்னையில் நடுவண் வாரியப் பள்ளியில் பயிலும் மாணவர் தமிழைப் பாடமாக எடுக்காவிடின் கல்கியை ஆங்கிலத்தில் மட்டுமே அறிந்து பள்ளியை நீங்க நேர்கிறது. அம்மாணவர் முன் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைக்கும் பணியை ஆங்கிலத் துறைகள் தனித்துச் செய்ய இயலாது. தமிழ்த்துறைகள் அதனை இன்னும் தம் பணியாகக் கொள்ளவில்லை.

அசோகமித்திரன் 1931இல் பிறந்தது செகந்திராபாத்தில். அவருடைய '18வது அட்சக்கோடு' நாவல் ஐதராபாத் அரசின் இறுதி நாட்களைக் களமாகக் கொண்டது. கலைத்திட்டம் வகுக்கப்பெற்ற நகரத்தைத் தமிழில் எழுதியவரின் ஆங்கிலம் பாடமாயிற்று. 2022இல் பாடச்சுமை குறைப்பின் பேரில் இந்நூல்களிலிருந்து சில பாடங்கள் நீக்கப்பட்டபோதும் தமிழ் எழுத்தாளர் மூவரின் பகுதிகளும் நிலைபெற்றன.