‘ஆல்ட்’ வந்த வழி

1993 பிப்ரவரியில், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், வலைப்பக்கத்தில் படம் வைக்க ‘ஐஎம்ஜி’ என்றொரு குறியை முன்மொழிந்தார். படம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சொன்னால் போதும். படம் தெரியாதவருக்கு என்ன கிடைக்கும் என்ற பேச்சே அதில் இல்லை. கன்சாஸில் பிறந்த லின்க்ஸ் எழுத்தை மட்டுமே காட்டும் உலாவி. டெலிபோன் லைனில் இணையம் ஊர்ந்த காலம் வேறு. படத்தை நிறுத்திவைத்துப் படித்தவர்கள் பலர். இப்படிப்பட்டவர்களுக்குக் கைகொடுத்ததுதான் ‘ஆல்ட்’, படத்துக்குப் பதிலாக நிற்கும் மாற்று உரை. 1995 நவம்பரில், வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் 2.0 விதிகளில் இடம்பிடித்து, 1997இல் கட்டாயமானது.

கட்டாயம் என்றாலும் கேட்பாரில்லை. சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தின் படங்களுக்கு மாற்று உரை இல்லை என்று, பார்வையற்ற புரூஸ் மக்வயர் புகார் கொடுத்தார். 2000 ஆகஸ்டில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அமைப்பாளர்கள் அரைகுறையாகவே சரிசெய்தார்கள். 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டில், அதே நாட்டின் பெர்த் நகரிலிருந்து மார்ட்டின் டூகியாமஸ் மூடுல் என்ற பாடத்தளத்தை வெளியிட்டார். பின்னாளில் அதில் வந்த எடிட்டர்களில் படத்தைச் சேர்த்தால், விவரிப்பு எங்கே என்று கேட்கும், எழுதாமலோ அலங்காரம் என்று குறிக்காமலோ விடாது. நம் ஆசிரியர்கள் லேசுப்பட்டவர்களா? ‘படம்’ என்று தட்டிவிட்டுப் போகிறார்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானை வைத்திருக்கும் மாணவருக்கு அது ‘படம், படம்’ என்று இரண்டு முறை கேட்கும், அவ்வளவுதான்.

ஒரு நெல் இலைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பாடத்தில் அதற்கு, ‘நெல் இலை: ஒருவித்திலைத் தாவரம். நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன’ என்று எழுதினால் பொருத்தம். அதே படத்தை நகலெடுத்துத் தேர்வுப் பக்கத்தில் ஒட்டி, ‘இது எவ்வகைத் தாவரம்?’ என்று கேட்டால் வந்தது வினை. மாற்று உரையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கண்ணால் பார்ப்பவர் யோசித்துக்கொண்டிருக்க, காதால் கேட்பவருக்கு விடை முதலிலேயே கிடைத்துவிடும். அங்கே ‘நீண்டு குறுகிய இலை, இணையாக ஓடும் நரம்புகள்’ என்பதோடு நிறுத்த வேண்டும். பெயரும் வேண்டாம், வகையும் வேண்டாம். ‘ஓர் இலை’ என்று மட்டும் எழுதுவதும் அநியாயம். பார்ப்பவருக்குக் கிடைக்கும் தடயம் கேட்பவருக்கும் கிடைக்க வேண்டுமே.

படத்தைப் பார்த்து உரையைத் தானே எழுதும் வசதியை 2016இல் பேஸ்புக் கொண்டுவந்தது; இன்று அத்தகைய கருவிகள் பல. இலை என்று அவை கண்டுபிடிக்கும். அது பாடத்தில் இருக்கிறதா, வினாத்தாளில் இருக்கிறதா என்பதை ஆசிரியர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகப்பில் அழகுக்காக வைத்த தாமரைக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. மூடுல் எடிட்டரில் ‘அலங்காரம் மட்டும்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால், வாசிப்பான் வாய்திறக்காமல் தாண்டிப்போய்விடும்.