இருக்கை கிடைத்தது, சாலை கைமாறியது: அமெரிக்கத் தென்மாநிலக் கவுண்டிகளில் பொதுப்பணியும் கடைவீதியும்

1986ஆம் ஆண்டுத் தேர்தலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து எட்டோவா கவுண்டியின் ஆணையத்துக்கு லாரன்ஸ் பிரெஸ்லி என்னும் கறுப்பினத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நவீன காலத்தில் அவ்வாணையத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. பிரெஸ்லியின் பதவியை அவை தொடவில்லை. அவருக்கு வாக்களித்தோரின் வாக்குரிமையையும் தொடவில்லை. ஆயினும் சாலைப் பணியின் மீதும் அதற்கான நிதியின் மீதும் ஓர் உறுப்பினருக்கு வழக்கமாக இருந்துவந்த அதிகாரம் அவருக்குக் கிட்டாமற் போயிற்று. இது வாக்குரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட மாற்றமா என்னும் கேள்விக்கு 1992 ஜனவரி 27 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், "இல்லை" என்று விடையளித்தது.

ஒடுக்கப்பட்ட மக்கள் தேர்தல் வழியாக ஓர் இருக்கையைப் பெறும்போது அவ்விருக்கையோடு எதைப் பெறுகிறார்கள், எதைப் பெறாமல் போகிறார்கள் என்பதை அறிய இவ்வழக்கைப் போல் உதவும் சான்றுகள் குறைவு. இவ்வழக்கையும் இதையொட்டிய வேறு சில வழக்குகளையும் இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது.

கவுண்டியும் சாலையும்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பிரிவு கவுண்டி. பரப்பளவில் அது நம் மாவட்டத்தையோ வட்டத்தையோ ஒத்திருக்கலாம். ஆனால் அங்கே ஆட்சியர் இல்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆணையமே நிர்வாகத்தை நடத்துகிறது. நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள கிராமப்புறச் சாலைகளையும் பாலங்களையும் அமைத்துப் பராமரிப்பது அலபாமாவின் கவுண்டி ஆணையங்களுக்கு முதன்மையான பணியாக இருந்துவந்தது.

சாலைப் பணியைக் கையில் வைத்திருப்பவரிடம் பல முடிவுகள் சேர்கின்றன. எந்தத் தெருவுக்கு முதலில் தார் போடுவது, எந்தப் பாதையைச் சரளையோடு விட்டுவிடுவது, சாலைக் குழுவில் யாரை வேலைக்கு அமர்த்துவது, சரளையையும் எரிபொருளையும் உதிரி பாகங்களையும் யாரிடம் வாங்குவது ஆகியன அவற்றுள் சில. பெரிய தொழில்கள் இல்லாத ஊர்ப்புறத்தில் இம்முடிவுகளே கூலியாகவும் வணிகமாகவும் மாறுகின்றன. ஆகவே சாலை நிதி யார் பொறுப்பில் உள்ளது என்பது போக்குவரத்தோடு நின்றுவிடும் கேள்வியன்று.

வாக்கு வந்தபின்னும் வராத சாலை

மிசிசிப்பி மாநிலத்து பொலிவர் கவுண்டியில் ஷா என்னும் சிற்றூர் உள்ளது. வழக்கு நடந்த காலத்தில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2,500ஆக இருந்தது. அவர்களுள் சுமார் 1,500 பேர் கறுப்பினத்தவர், சுமார் 1,000 பேர் வெள்ளையர். தார் போடப்படாத தெருக்களில் இருந்த வீடுகளில் ஏறத்தாழ 98 விழுக்காடு கறுப்பினத்தவர் வசித்தவை; கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லாத வீடுகளில் 97 விழுக்காடு கறுப்பினக் குடியிருப்புகளில் இருந்தன. புதிதாக நடப்பட்ட ஒளிமிகுந்த தெருவிளக்குகள் அனைத்தும் வெள்ளையர் பகுதிக்கே சென்றன.

இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஹாக்கின்ஸ் எதிர் ஷா நகரம் என்னும் வழக்கில், ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971இல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தகைய ஏற்றத்தாழ்வுக்கு நியாயமான காரணம் எதையும் நகர நிர்வாகம் காட்டாத நிலையில், அது சமமான சட்டப் பாதுகாப்பை மறுப்பதாகும் என்றது அத்தீர்ப்பு. ஆனால் 1976இல் வாஷிங்டன் எதிர் டேவிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், விளைவை மட்டும் காட்டினால் போதாது, பாகுபடுத்தும் நோக்கத்தையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அத்தீர்ப்பின் அடிக்குறிப்பொன்று, தாம் ஏற்காத கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளுள் ஒன்றாக ஷா வழக்கையும் பட்டியலிட்டது. தார் இல்லாத தெருவைக் கண்ணால் காணலாம். தார் போடாதவரின் நோக்கத்தை மெய்ப்பிப்பது கடினம். அன்று முதல் சாலை வழக்குகளில் மெய்ப்பிக்கும் சுமை ஏறத்தாழ முழுமையாகச் சாலை இல்லாதவர் மீதே விழுந்தது.

எட்டோவா: இரண்டு தீர்மானங்கள்

எட்டோவா கவுண்டி கேட்ஸ்டன் நகரையும் சுற்றியுள்ள ஊர்ப்புறத்தையும் கொண்டது. 1986 வரை அதன் ஐந்து ஆணைய உறுப்பினர்களையும் கவுண்டியின் வாக்காளர் அனைவரும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தனர். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் இம்முறை கறுப்பின வேட்பாளருக்கு வெற்றி வாய்ப்பைத் தரவில்லை. உறுப்பினருள் நால்வர் நான்கு வெவ்வேறு பகுதிகளில் குடியிருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒரு சாலை வட்டம். சாலை நிதியை வட்டங்களுக்கிடையே பிரிப்பதை ஆணையம் கூடி முடிவு செய்யும். பிரித்தபின் தம் வட்டத்தின் பங்கை எவ்வாறு செலவிடுவது என்பதை அந்தந்த உறுப்பினரே முடிவு செய்வார். வட்டத்தின் பணிமனை, இயந்திரங்கள், சாலைக் குழு ஆகியனவும் அவர் மேற்பார்வையில் இருந்தன.

டில்லர்ட் எதிர் கிரென்ஷா கவுண்டி வழக்கின் தொடர்ச்சியாக 1986இல் ஏற்பட்ட இசைவாணை இந்தத் தேர்தல் முறையை மாற்றித் தனித்தொகுதிகளை உருவாக்கியது. அவ்வாண்டு இரண்டு புதிய உறுப்பினர்கள் வந்தனர்: ஒருவர் பிரெஸ்லி, மற்றவர் பில்லி ரே வில்லியம்ஸ் என்னும் வெள்ளையர். பழைய உறுப்பினர் நால்வர் பதவியில் தொடர்ந்தனர்.

1987 ஆகஸ்ட் 25இன் முதல் தீர்மானம், சாலைப் பணிகளின் மேற்பார்வையைப் பழைய நால்வரிடமே தக்கவைத்தது. பிரெஸ்லிக்கு நீதிமன்றக் கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பும், வில்லியம்ஸுக்குப் பொறியியல் துறையின் பொறுப்பும் தரப்பட்டன. இரண்டாம் தீர்மானம் சாலை நிதி முழுவதையும் ஒரே பொதுக் கணக்கில் சேர்த்தது. இனி வட்டப் பங்கு கிடையாது, பெரும்பான்மை எங்கே தேவை என்று கருதுகிறதோ அங்கே செலவு. இரண்டும் புதியவர் இருவரின் எதிர்ப்பை மீறி நிறைவேறின. கறுப்பின மக்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற உறுப்பினர், கட்டடத்தைப் பராமரிப்பவராக ஆக்கப்பட்டார்.

ரஸ்ஸல்: ஊழல் ஒழிப்பின் பெயரால்

இதே வழக்கில் இணைந்த ரஸ்ஸல் கவுண்டியின் கதை சற்று வேறானது. அங்கே கிராமப்புறத்தைச் சேர்ந்த மூன்று உறுப்பினர்கள் தத்தம் வட்டாரச் சாலைகளைக் கவனித்துவந்தனர். சாலைப் பணி தொடர்பான ஊழலுக்காக உறுப்பினர் ஒருவர் மீது குற்றச்சாட்டு பதிவானபின், 1979இல் ஆணையம் சாலை அதிகாரம் முழுவதையும் ஆணையம் நியமிக்கும் கவுண்டிப் பொறியாளரிடம் ஒப்படைத்தது. மாநிலச் சட்டமன்றமும் அதை உறுதிசெய்து சட்டம் இயற்றியது. 1985இன் நீதிமன்ற ஆணையால் தேர்தல் முறை மாறி, 1986இல் எட் பீட்டர் மாக், நதானியல் கோஷா என்னும் இரு கறுப்பினத்தவர் வென்றபோது, சாலை அதிகாரம் ஏற்கெனவே பொறியாளரின் மேசைக்குச் சென்றுவிட்டது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உறுப்பினர் தம் விருப்பப்படி சாலைப் பணத்தைச் செலவிடும் முறை ஊழலுக்கு இடம் தருவதுதான். ஒரே கணக்கு, தேவையின் அடிப்படையில் செலவு, தொழிலறிவுள்ள பொறியாளர் என்பன தம்மளவில் தீயவையல்ல. எனவேதான் வழக்குத் தொடுத்தோர் சீர்திருத்தமே கூடாது என்று வாதிடவில்லை. பாகுபாட்டின் வரலாறு உள்ள இடத்தில் இத்தகைய மாற்றத்தை நடுநிலையான ஒருவர் முன்கூட்டியே ஆராய வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு வழி செய்திருந்தது: அலபாமா போன்ற மாநிலங்கள் வாக்களிப்புத் தொடர்பான எந்த மாற்றத்துக்கும் கூட்டாட்சி அட்டர்னி ஜெனரலிடமோ வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்திடமோ முன் ஒப்புதல் பெற வேண்டும். இவ்விரு கவுண்டிகளும் அதைப் பெறவில்லை.

தீர்ப்பும் மறுப்பும்

எட்டோவாவின் முதல் தீர்மானத்துக்கு முன் ஒப்புதல் தேவை என்று கீழமை நீதிமன்றம் கூறியதை எதிர்த்து மேல்முறையீடு இல்லை. உச்சநீதிமன்றத்தின் முன் வந்தவை எட்டோவாவின் பொது நிதியும் ரஸ்ஸலின் பொறியாளர் முறையும். ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி கென்னடி எழுதினார். வாக்களிக்கும் முறை, வேட்பாளர் தகுதி, வாக்காளர் தொகுதி, தேர்ந்தெடுக்கப்படும் பதவியை உருவாக்குதல் அல்லது ஒழித்தல் என்னும் நான்கு வகை மாற்றங்களே இதுவரை 5ஆம் பிரிவுக்குள் வந்துள்ளன; தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குள் அதிகாரம் எவ்வாறு பகிரப்படுகிறது என்பது வாக்களிப்போடு நேரடித் தொடர்பற்றது என்பது அவர் வாதம். 5ஆம் பிரிவை இதனினும் விரிவாகப் பொருள்கொண்ட அட்டர்னி ஜெனரலின் கருத்தையும் அவர் ஏற்கவில்லை.

மறுப்புத் தீர்ப்பை நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுத, நீதிபதிகள் வைட்டும் பிளாக்மனும் உடன்பட்டனர். சிறுபான்மையினர் வென்ற இருக்கையின் அதிகாரத்தை வேறிடத்துக்கு நகர்த்துவது, அவர்களைத் தோற்கடிக்கும் தேர்தல் முறையை ஏற்படுத்துவதற்கு நிகரான பயனைத் தரும் என்பது மறுப்பின் சாரம். 2013இல் ஷெல்பி கவுண்டி எதிர் ஹோல்டர் வழக்கில், எந்தப் பகுதிகளுக்கு முன் ஒப்புதல் தேவை என்று வரையறுத்த 4(ஆ) பிரிவை உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. அதனால் 5ஆம் பிரிவே செயலிழந்தது. அந்த ஷெல்பியும் அலபாமாவின் ஒரு கவுண்டிதான்.

ஒப்பந்தம் யாருக்கு?

அதிகாரத்தை இழந்தாலும் ஒப்பந்தங்களில் பங்கு பெறலாமே என்று கேட்கலாம். 1977ஆம் ஆண்டுப் பொதுப்பணி வேலைவாய்ப்புச் சட்டம், உள்ளாட்சிகளுக்குத் தரும் கூட்டாட்சிப் பொதுப்பணி நிதியில் 10 விழுக்காடு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டும் என்றது. 1980இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம் தன் கட்டுமான ஒப்பந்தங்களில் 30 விழுக்காட்டைத் துணை ஒப்பந்தமாகச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கச் சொன்னபோது, 1989இல் அதே நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அன்று அந்நகர மக்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர். 1978 முதல் 1983 வரை வழங்கப்பட்ட நகரின் முதன்மை ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் பெற்றது 0.67 விழுக்காடு. இந்த இடைவெளி மட்டுமே பாகுபாட்டை மெய்ப்பிக்காது என்றது நீதிமன்றம். அத்தீர்ப்பு மாநிலங்கள், நகரங்கள், கவுண்டிகள் அனைத்தையும் கட்டுப்படுத்தியது.

கடைவீதியில் தொடுத்த வழக்கு

சட்டமன்றமும் நீதிமன்றமும் கைவிட்ட இடத்தில், மக்களிடம் எஞ்சியிருந்தது அவர்களின் கொள்முதல். மிசிசிப்பியின் கிளேபோர்ன் கவுண்டி கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊர்ப்புறம். அதன் தலைநகர் போர்ட் கிப்சன். 1966 மார்ச்சில் அங்குள்ள மக்கள் அதிகாரிகளிடமும் வணிகர்களிடமும் ஒரு கோரிக்கைப் பட்டியல் அளித்தனர். பொது இடங்களில் இனப் பிரிவினையை நீக்குதல், கறுப்பினக் காவலர் நியமனம், கறுப்பினக் குடியிருப்புகளில் பொதுப்பணி மேம்பாடு, கடைகளில் வேலை ஆகியன அதில் இருந்தன. பெரியவர்களைப் 'பையா' என்று அழைக்காமல் மரியாதையோடு அழைக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

உரிய பதில் வராததால் ஏப்ரல் 1 அன்று, தேவாலயத்தில் கூடிய பல நூறு பேர் வெள்ளையர் கடைகளைப் புறக்கணிக்க முடிவெடுத்தனர். அக்கடை உரிமையாளர் பலர் ஊரின் பொதுப்பதவிகளிலும் இருந்தவர்கள் என்பதைப் பின்னாளைய தீர்ப்பே குறிக்கிறது. கல்லாவும் நிர்வாகமும் ஒரே கையில் இருந்ததால், கல்லாவைத் தொட்டால் நிர்வாகத்துக்கு வலித்தது.

1969இல் வணிகர்கள் வழக்குத் தொடுத்தனர். 1976இல் மிசிசிப்பி நீதிமன்றம் 12.5 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 1982 ஜூலை 2 அன்று உச்சநீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வன்முறையற்ற புறக்கணிப்பு அரசமைப்பின் பாதுகாப்புக்கு உரியது; ஆங்காங்கே நடந்த வன்செயல்களுக்கு அவற்றைச் செய்தவர்களே பொறுப்பு, இயக்கம் முழுவதும் பொறுப்பாகாது என்றது தீர்ப்பு. அதை எழுதியவர், பத்தாண்டு கழித்து பிரெஸ்லி வழக்கில் மறுப்பு எழுதிய அதே ஸ்டீவன்ஸ்.

நாம் கற்க வேண்டியது

பிரெஸ்லி தீர்ப்பு வந்த 1992ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் நம் நாடாளுமன்றம் 73ஆவது அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் 243ஈ உறுப்பு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஊராட்சி இடங்களையும் தலைவர் பதவிகளையும் கட்டாயமாக ஒதுக்குகிறது. ஊராட்சிகளின் அதிகாரங்களைப் பேசும் 243எ உறுப்போ, அவற்றை வழங்குவதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விடுகிறது. இருக்கைக்கு அரசமைப்பின் உறுதி உண்டு. அதிகாரத்துக்கு அத்தகைய உறுதி இல்லை. எட்டோவாவில் நிகழ்ந்தது இந்த இடைவெளியில்தான்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வகுத்த முறைப்படி, ஊராட்சி நிதியை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். துணைத்தலைவர் பதவியின் ஒதுக்கீடு பற்றி அரசமைப்பு எதுவும் கூறவில்லை. ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த துணைத்தலைவர் பேனாவைத் திறக்க மறுத்தால், தனித்தொகுதித் தலைவரின் தெருவிளக்குகூட எரியாது. கடைவீதியிலும் இங்கே திசை தலைகீழாகவே இருந்துவந்திருக்கிறது: தலித் மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் விதிக்கும் புறக்கணிப்பே நம் ஊர்களின் வரலாறு. 2015இன் திருத்தத்துக்குப் பின், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரிய குற்றமாகும்.

ஆகவே ஓர் ஊராட்சியை ஆராயச் செல்லும் மாணவரும் செயற்பாட்டாளரும், "தலைவர் யார்?" என்னும் கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. பணிகளின் பட்டியலை உண்மையில் தயாரிப்பவர் யார்? பணத்தை விடுவிக்க எத்தனை கையொப்பங்கள், யாருடையவை? ஒப்பந்தப்புள்ளிகள் யாருக்குக் கிடைத்தன? அளவுப் புத்தகத்தில் எந்தத் தெருவின் பெயர் உள்ளது, எந்தத் தெருவின் பெயர் இல்லை? அதிகாரம் எந்தத் தேதியில், யார் பதவியேற்றபின் இடம் மாறியது? தீர்மானப் பதிவேடு, செலவுச் சீட்டுகள், அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். எட்டோவா வழக்கின் முதன்மைச் சான்றும் இரண்டு பழைய தீர்மானங்களும் அவற்றின் தேதியும்தான்.