பொன்னுக்கு வீங்கியும் ஆண்மலடும் - ஒரு சின்ன வரலாறு



எங்கள் பாகலூர் பக்கம் ஒரே நோய்க்கு மூன்று பெயர். தமிழில் பொன்னுக்கு வீங்கி. கன்னடத்தில் மங்கன பாவு, அதாவது குரங்கு வீக்கம். தெலுங்கில் கவதபிள்ளலு. காதுக்குக் கீழே கன்னம் உப்பிப் போகும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் சரியாகும் என்பார்கள். போடாவிட்டாலும் பத்து நாளில் வடிந்துவிடும் என்பது வேறு விஷயம்!

சின்னப் பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. வயசுப் பையனுக்கு வந்தால்தான் சிக்கல், விரைக்கு இறங்கலாம். இது மனிதனுக்குத் தெரிந்து சுமார் 2400 வருடம் ஆகிறது.

முதலில் எழுதி வைத்தவர் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ். தாசோஸ் தீவில் பலருக்குக் காதோரம் வீங்கியதையும், பிறகு சிலருக்கு ஒரு விரையோ இரண்டுமோ வீங்கி வலித்ததையும் குறித்திருக்கிறார். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மல்யுத்தக் கூடங்களில் பழகிய இளைஞர்கள். நெருங்கிப் பழகும் இடம், எச்சில் வழியாகப் பரவும் நோய். யோசித்தால் புரியும்.

1790-ல் ராபர்ட் ஹாமில்டன் என்ற மருத்துவர், வளர்ந்த ஆண்களுக்கு விரை வீங்குவதைப் பற்றி எடின்பரோ ராயல் சொசைட்டி வெளியீட்டில் விரிவாக எழுதினார். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த அமெரிக்கப் படையில், சிப்பாய்கள் வேலைக்கு வராமல் படுத்த நாட்களுக்குப் பெரிய காரணம் இந்த நோய்தான். சிறு வயதில் இது வராத பையன்களைப் பாசறையில் நெருக்கமாகத் தங்க வைத்ததன் விளைவு.

காரணம் ஒரு வைரஸ் என்பதை 1934-ல் ஜான்சன், குட்பாஸ்சர் இருவரும் குரங்குகளை வைத்து நிரூபித்தார்கள். 1963-ல் மாரிஸ் ஹில்மேன் என்ற விஞ்ஞானி, நோயில் படுத்த தன் ஐந்து வயது மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து வைரஸை எடுத்தார். அதிலிருந்து செய்த தடுப்பூசி 1967-ல் அனுமதி பெற்றது. அந்த வைரஸ் வகைக்கு இன்றும் அந்தப் பெண்ணின் பெயர்தான்.

சரி, விரையில் என்னதான் நடக்கிறது? விரையைச் சுற்றி விரிந்து கொடுக்காத கெட்டியான உறை இருக்கிறது. வைரஸ் தாக்கி உள்ளே வீங்கும்போது, விந்தணு உண்டாகும் நுண்குழாய்கள் அழுத்தத்தில் நசுங்குகின்றன. தடுப்பூசி போடாமல், பருவம் வந்த பிறகு இந்த நோய் வரும் ஆண்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு விரை வீங்குகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு அந்த விரை ஓரளவு சுருங்கலாம். ஆனால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும், முழு மலடு ஆவது அபூர்வம். விந்தணு எண்ணிக்கை குறைவதுதான் அதிகம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டிலும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது. பொன்னுக்கு வீங்கி அதில் சேரவில்லை. அதையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைப் பெரும்பாலானவர்கள் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். 2024-ல் கேரளாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தது. சிறு வயதில் ஊசியும் போடாமல், நோயும் வராமல் தப்பியவர்கள்தான் பிறகு ஓசூர் சிப்காட் பக்கம் ஒரே ரூமில் ஐந்தாறு பேராகத் தங்குகிறார்கள். தாசோஸ் மல்யுத்தக் கூடமும் இந்த ரூமும் வைரஸுக்கு ஒன்றுதான்.

அதனால் ஊசி போட்டிருக்கிறோமா என்று வீட்டில் கேளுங்கள். போடாத பெரியவர்களும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். விரையில் திடீர் வலி வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது விரை முறுக்கிக்கொண்ட வலியாகவும் இருக்கலாம். அதற்குச் சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தேவை.

இன்னொன்று. குழந்தை இல்லை என்றால் நம் ஊரில் முதலில் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவது மனைவிதான். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை சுலபமானது, வலியில்லாதது. 2400 வருடமாக எழுதி வைத்திருக்கும் ஒரு விஷயத்தை ஆண்கள் இன்னும் கேட்காத மாதிரி இருப்பது நியாயமா?