சாசனத்தை அழிக்கும் உரிமை யாருக்கு? திருமலை சொல்லும் விடை

13ஆம் நூற்றாண்டில் திருமலைக் கோயில் புதுப்பிக்கப்பட்டபோது, பழஞ்சுவர்களோடு கல்வெட்டுகளும் மறைந்திருக்கலாம். கொடையாளர் பலர் எப்போதோ மறைந்துவிட்டனர், கேட்பாரில்லை. ஆயினும் திருப்புல்லாணி தாசரின் வேண்டுகோளை ஏற்று, வீரநரசிங்க யாதவராயர் அவற்றைப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். 966இல் வெள்ளித் திருமேனி அளித்த பல்லவ குலத்துச் சாமவையின் தமிழ்ச் சாசனம் இன்று படிக்கக் கிடைப்பது இப்படித்தான்.

ஏன் இவ்வளவு அக்கறை? பக்தி மட்டுமே காரணமன்று. விஜயநகரக் காலச் சாசனங்கள் இதைத் தெளிவாக்குகின்றன. கொடையாளர் பொன் செலுத்துவார். கோயில் தானத்தார் அதைக்கொண்டு ஏரி, கால்வாய் வெட்டுவர். கூடும் விளைச்சலில் அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’. அதைக் கொடையாளர் பிறருக்கும் எழுதிவைக்கலாம். சாளுவ நரசிம்மரின் பங்கு, கந்தாடை ராமாநுஜ ஐயங்கார் நிர்வகித்த ராமாநுஜகூடத்தில் அடியார்களுக்கு உணவாயிற்று.

கல்லில் இருப்பது கொடையாளரின் பெயரே. எனினும் அவர் மனம் மாறி எழுத்தைச் செதுக்கியெறிந்தால் பசித்திருப்பவர் வேறொருவர். தானத்தார் அழித்தாலோ, வாங்கிய பொன்னுக்குக் கணக்கே இராது. (வழித்தோன்றல்களின் பங்கு தனி வழக்கு.) ஒருவர் தொடங்கியதாயினும் சாசனம் அவருடையது மட்டுமன்று. அதனால்தான் பல சாசனங்களின் இறுதியில் கொடையாளரின் கையெழுத்து இல்லை; இருப்பது கோயில் கணக்கன் திருநின்றவூருடையானின் எழுத்து, அதன்பின் ‘ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’. அழியாமல் காக்கும் பொறுப்பு அடியார் கூட்டம் முழுவதற்கும் விடப்பட்டது.