பூகன்வில் செப்புச் சுரங்கமும் உள்நாட்டுப் போரும்

பூகன்வில் உள்நாட்டுப் போர் என்பது, பசிபிக் பெருங்கடலில் பப்புவா நியூ கினி நாட்டின் கிழக்கே உள்ள பூகன்வில் தீவில் 1988 முதல் 1998 வரை நடந்த போராகும். நாட்டின் வளர்ச்சிக்கெனத் தொடங்கப்பட்ட பங்குனா செப்புச் சுரங்கமே இதற்கு முதன்மைக் காரணம்.

பின்னணி

பப்புவா நியூ கினி 1975 வரை ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்தது. விடுதலை பெறும் நாட்டுக்குச் சொந்த வருவாய் வேண்டும் என்ற நோக்கில் இச்சுரங்கம் அமைக்கப்பட்டு, 1972இல் உற்பத்தி தொடங்கியது. பின்னர் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இதிலிருந்தே கிடைத்தது. பள்ளிகளும் சாலைகளும் இப்பணத்தை நம்பியிருந்தன.

மக்களின் குறைகள்

நிலத்தடிக் கனிமம் அரசுக்குரியது என்றது சட்டம். நிலம் முழுவதும் குலத்துக்குரியது என்றது தீவின் மரபு. அங்கே பல குலங்களில் நிலவுரிமை தாய்வழியே வருவது. 1969இல் ரொரோவானா ஊர்ப் பெண்கள் நில அளவையாளர்களை எதிர்த்து நின்றபோது, காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. சுரங்கக் கழிவு ஜாபா ஆற்றில் கொட்டப்பட்டதால் மீன்களும் தோட்டங்களும் அழிந்தன. ராயல்டி தொகையில் நிலவுரிமையாளருக்குக் கிடைத்தது 5 விழுக்காடு மட்டுமே. அதுவும் மூத்தோர் சிலர் கையில் தங்கிவிட்டது என்று இளைஞர்கள் குமுறினர்.

போர்

1988 நவம்பரில், பிரான்சிஸ் ஓனா தலைமையிலான குழுவினர் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுசென்ற கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. அரசு பேச்சுக்கு மாறாகப் படையை நம்பியது. 1990இல் தீவு முற்றுகையிடப்பட்டதால் மருந்துகூடக் கிடைக்கவில்லை. தீவு மக்களும் தமக்குள் பிரிந்து மோதினர். இறந்தோர் 20,000 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பலர் நோயால் மாண்டவர்கள்.

அமைதி

நியூசிலாந்தில் நடந்த பேச்சுகளைத் தொடர்ந்து 1998இல் போர்நிறுத்தமும், 2001இல் அமைதி உடன்பாடும் ஏற்பட்டன. 2005இல் தன்னாட்சி அரசு அமைந்தது. 2019ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில் சுமார் 98 விழுக்காட்டினர் விடுதலையை ஆதரித்தனர்.

படிப்பினை

கனிமவளம் இருந்தாலே போர் வரும் என்று இதிலிருந்து முடிவு செய்யலாகாது. போட்சுவானாவிலும் வைரங்கள் அரசுடைமையே; ஆனால் அங்கே உள்நாட்டுப் போர் மூளவில்லை. முதல் பெரிய வைரச் சுரங்கம் அமைந்த பகுதியின் இனக்குழுவைச் சேர்ந்த செரெட்சே காமாவே நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக இருந்தார். பூகன்வில் மக்களுக்கோ முடிவெடுக்கும் இடத்தில் அத்தகைய குரல் இல்லை. பயன் தலைநகருக்கும் சுமை ஊருக்கும் என்ற பங்கீடுதான் அங்கே பகையை வளர்த்தது.

தனிநாடாக வேண்டுமானால் பூகன்விலுக்கு வருவாய் தேவை. அதனால் பங்குனாவை மீண்டும் திறக்கலாமா என்ற கேள்வி எழுந்துள்ளது. இம்முறை நிலத்துக்குரிய பெண்களிடம் முதலில் கேட்கப்படுமா என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும்.